சுயவேகமா, கெடு வைத்த படிப்பா? படித்தவர்கள் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு

வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் இளநிலைப் பட்டம் முடிக்க நினைக்கிறேன். இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று சுயவேகம்: நாமாகவே படித்து, தயாரானதும் தேர்வு எழுதலாம். மற்றொன்று பருவமுறை: வாரா வாரம் பாடம், ஒப்படைப்பு, கெடு. "கட்டுப்பாடு உள்ளவர் என்றால் முதலாவது, இல்லாவிட்டால் இரண்டாவது" என்ற அறிவுரையை வேண்டிய அளவு கேட்டாகிவிட்டது. உள்ளே இருந்து படித்தவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

கணக்கியல் படித்தவர்

நான் படித்தது திறனடிப்படை முறை, அதாவது பாடம் தெரியும் என்று தேர்விலோ ஒப்படைப்பிலோ காட்டிவிட்டால் அது முடிந்தது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தால் பலருக்கும் தெரியவந்த முறை அது. ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை.

சேர்வதற்கு முன்பே பல ஆண்டுகள் பேரேடும் வரிக்கணக்கும் பார்த்தவன் நான். எனவே மாதிரித் தேர்வை முதலில் எழுதிவிடுவேன். எந்தப் பகுதி இடிக்கிறதோ அதை மட்டும் படிப்பேன். தணிக்கை, செலவுக் கணக்கியல் எல்லாம் மளமளவென்று முடிந்தன. தெரிந்ததை மறுபடி உட்கார்ந்து கேட்கவேண்டிய கொடுமை இல்லை என்பதே பெரிய நிம்மதி.

புள்ளியியல் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. பயிற்றுநர் இருந்தார், நேரம் கேட்டால் அன்போடு பேசுவார். ஆனால் என்ன புரியவில்லை என்பதே புரியாதவன் அவரிடம் எதைக் கேட்பது? வகுப்பறையாக இருந்தால் பக்கத்தில் உள்ளவர் கேட்கும் கேள்வியிலிருந்து என் குழப்பம் என்னவென்று எனக்கே தெரிந்திருக்கும். அதனால் கட்டுப்பாட்டைப் பற்றிய விசாரணையை விடுங்கள். இரண்டு இடங்களின் பாடப் பட்டியலையும் எடுத்து, ஏற்கெனவே கைவந்த பாடங்கள் எத்தனை என்று பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால் சுயவேகம் லாபம். எல்லாமே புதிது என்றால் அதே முறை ஆளை விழுங்கிவிடும்.

இன்னொன்று. எங்களுக்குத் தேர்ச்சி உண்டா இல்லையா என்பதோடு சரி. தரவரிசையோ தனித்த மதிப்பெண்ணோ இல்லை. முதுநிலைக்கு விண்ணப்பிக்க எண்ணமிருந்தால், அங்கே மதிப்பெண் சராசரி கேட்பார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பருவமுறையில் படித்தவர்

பருவமுறை என்றால் யாரோ கைபிடித்து அழைத்துப்போவார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் பருவம் ஒன்பது வாரம். அதில் ஒரு வாரம் காய்ச்சலில் போனால் படிப்பில் ஒன்பதில் ஒரு பங்கு போயிற்று. கெடு நள்ளிரவு என்று போட்டிருக்கும். அது பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் நள்ளிரவு. எனக்கு அது அலுவலக நேரத்தின் நட்டநடு! கலந்துரையாடலில் வாரம் மூன்று பேருக்குக் கட்டாயம் பதில் எழுத வேண்டும். "உங்கள் கருத்து அருமை, நானும் உடன்படுகிறேன்" என்ற வாக்கியத்தை எத்தனை பேர் எத்தனை விதமாகத் திருப்பி எழுதினார்கள் என்று ஓர் ஆய்வே செய்யலாம்.

சக மாணவர் மதிப்பீடும் இருந்தது. கட்டுரையைத் திறந்து பார்த்தாரா என்றே சந்தேகம் வருமளவுக்கு மதிப்பெண் போட்டவர்கள் உண்டு. அதே வகுப்பில், என் வாதத்தில் இருந்த ஓட்டையைச் சரியாகச் சுட்டிக்காட்டி ஒரு பக்கம் எழுதியவரும் இருந்தார். அவரும் நானும் அடுத்த பருவங்களில் ஒரே பாடங்களை எடுக்கத் தொடங்கினோம். நான் முடித்ததற்கு அவர்தான் பாதிக் காரணம். இதைச் சேர்க்கைக் கையேட்டில் யாரும் அச்சடிப்பதில்லை, யார் வாய்ப்பார்கள் என்று சொல்ல முடியாதல்லவா?

தொலைநிலைக் கல்வி ஆசிரியை

கற்பிக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சுயவேகமா கெடுவா என்ற இந்த விவாதம் இணையத்துக்கு முந்தையது. உளவியலாளர் பிரெட் கெல்லர், ஒரு பகுதியில் தேர்ச்சி பெற்ற பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும், எவ்வளவு காலமும் எடுத்துக்கொள்ளலாம் என்ற முறையை 1960களில் வகுத்தார். 1968இல் அதை விளக்கிக் கட்டுரையும் எழுதினார். முடித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். தொல்லை என்னவென்றால், தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இடையில் விலகியவர்களும் நிறைய. கெடு வைத்துத் திருத்தப் பலர் முயன்றார்கள். அப்படிச் செய்தால் அது சுயவேகமே இல்லையே என்ற சண்டையும் நடந்தது.

ஹார்வர்டும் எம்ஐடியும் 2012இல் தொடங்கிய இலவச இணையப் பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 விழுக்காடு. இதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். வேடிக்கை பார்க்கச் சேர்ந்தவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் பார்த்தால் அதே ஆண்டில் பாதிக்குச் சற்றே குறைவான பேர் முடித்தார்கள்.

என் மாணவர்களில் சத்தமில்லாமல் காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்லர். முதல் ஒப்படைப்பில் குறைந்த மதிப்பெண் வாங்கி, அதைப் பற்றி யாரோடும் பேச முடியாமல் போனவர்கள். ஆகவே சேரும் முன் இரண்டு இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நான் இரண்டு வாரம் எதுவும் செய்யாமல் இருந்தால் என்னைத் தேடி யார் எழுதுவார்கள்? தானியங்கி நினைவூட்டலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

செவிலியர்

எல்லோரும் பருவமுறைக்கே கொடி பிடிப்பதால் எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை. எனக்குச் சுழற்சிப் பணி. அடுத்த வாரம் பகலா இரவா என்று இந்த வாரக் கடைசியில்தான் தெரியும். வியாழக்கிழமைக் கெடு என்பது என் வாழ்க்கையில் செல்லாது. பாடத்தைத் திறக்கும் நாளிலேயே இணையவழிக் கண்காணிப்புத் தேர்வுக்குத் தேதி பதிந்துவிடுவேன். அதுதான் எனக்குக் கெடு.

சுயவேகம் என்றால் காலவரம்பே இல்லை என்றும் நம்பிவிடாதீர்கள். கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தில் மாதந்தோறும் முதல் தேதியில் படிப்பைத் தொடங்கலாம். ஆனால் வழக்கமான மூன்று கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) இளநிலைப் பாடத்துக்கு ஆறு மாத வரம்பு உண்டு. நீட்டிக்கத் தனிக் கட்டணம். உதவித்தொகையிலோ கல்விக் கடனிலோ படித்தால், பணம் தருகிறவர்களும் வேகத்தைப் பார்ப்பார்கள்.

தொடக்கப் பதிவு எழுதியவர்

பாடப் பட்டியலை விரித்துப் பார்த்தேன். கைவந்தவை என்று துணிந்து சொல்ல நான்கு பாடங்கள்தான் தேறின. பருவமுறைப் பக்கம் சாய்கிறேன். ஆசிரியை சொன்ன கேள்வியை இரண்டு இடங்களுக்கும் அனுப்பினேன். ஒன்றிலிருந்து ஆலோசகரின் பெயரோடு பதில் வந்தது, மற்றொன்றிலிருந்து உதவிப்பக்கத்தின் இணைப்பு வந்தது. செவிலியருக்கு ஒரு கேள்வி: பதிந்த தேர்வைப் பணிநேரம் மாறியதால் தள்ளிவைக்க முடிந்ததா?

செவிலியர்

முடிந்தது, முந்தைய நாளே சொன்னால். அன்று காலையில் சொன்னால் கட்டணம் போய்விடும். இடத்துக்கு இடம் விதி மாறும், விதிப்புத்தகத்தில் பாருங்கள். அது சரி, அந்த நான்கு பாடங்களுக்குப் பருவமுறைக்காரர்கள் விலக்குத் தேர்வு (தேறினால் அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியதில்லை) வைப்பார்களா என்று கேட்டீர்களா?