மனித குளோனிங்: படியா, நகலா, போத்தா?

கயல்விழி:
குழுவினருக்கு வணக்கம். மனித குளோனிங்கின் அறமும் சட்டமும் பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இதுவரை பாதி இடங்களில் படியாக்கம், சில இடங்களில் நகலாக்கம், களைத்துப்போன இடங்களில் குளோனிங் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லுங்கள், மற்றதையெல்லாம் மாற்றிவிடுகிறேன். குழந்தை பெறுவதற்கானது, சிகிச்சைக்கானது என்ற இரு வகைக்கும் பெயர் வேண்டும்.

அறவாழி:
அம்மா, நகல் வேண்டாம். அது அரபு வழி வந்தது. படி நம்முடையது: கையெழுத்துப்படி, மூலப்படி. ஆனால் படியும் காகித வேலைதான். வேரைப் பாருங்கள். குளோன் என்பதற்குக் கிரேக்கத்தில் சிறுகிளை என்று பொருள். 1903இல் வெபர் என்ற தாவரவியலார் அந்தச் சொல்லை எடுத்ததும் விதையில்லாமல் கிளையிலும் கிழங்கிலும் வளர்க்கிற செடிகளுக்காகத்தான். ஒடித்து நடுகிற கிளையை நாம் என்ன சொல்கிறோம்? போத்து! தொல்காப்பியர் மரபியல் என்ற இயலில் 'பிள்ளை குழவி கன்றே போத்து' என்று ஓரறிவுயிரின், அதாவது செடிகொடிகளின், இளமைப் பெயர்களில் ஒன்றாகவே அதை வைத்திருக்கிறார். பிள்ளையும் குழவியும் பக்கத்திலேயே நிற்பதைக் கவனியுங்கள். ஆகவே மாந்தப் போத்தாக்கம். போது, போந்தை என்று இந்த வேர் போகும் தூரத்தைத் தனி மடலில் எழுதுகிறேன்.

மருதன்:
தனி மடலிலேயே எழுதுங்கள் ஐயா. நான் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவன். போத்தாக்கம் என்று சொன்னால் அன்றைக்குப் பாடம் நடக்காது. அதே மரபியல் எருமை, புலி, மரை ஆகியவற்றின் ஆணையும் போத்து என்கிறது. குளோனிங்கில் பிறந்த டாலியோ பெண் ஆடு. அதுகூடப் பரவாயில்லை, பெரிய குறை வேறு. போத்து நட்டால் பெரும்பாலும் துளிர்த்துவிடும். டாலிக்காக 277 முட்டைகளில் உட்கருவை எடுத்துவிட்டு வேறோர் ஆட்டின் உடலணுவிலிருந்த உட்கருவை வைத்தார்கள். 29 கரு தேறியது. ஒன்றே ஒன்று குட்டியாகப் பிறந்தது. இதைப் பெண்களின் உடலில் செய்து பார்ப்பதா என்பதுதான் தடை கேட்பவர்களின் முதல் வாதமே. உங்கள் சொல்லில் அது காணாமல் போகிறது. பலகையில் நான் குளோனிங் என்றுதான் எழுதுகிறேன். இதுவரை ஒருவரும் பொருள் கேட்டதில்லை.

அறவாழி:
கேட்கவில்லை என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தமா, தம்பி?

தமிழ்ச்செல்வி:
எனக்கு நகலின் அரபு உறுத்தவில்லை. அசலும் அங்கிருந்து வந்ததுதான், தினமும் சொல்கிறோம். உறுத்துவது வேறு. நகல் என்றதும் அசல் ஒன்று மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் யாரையாவது நகல் என்போமா? அப்புறம், முட்டை வேறொருத்தியுடையதாக இருந்தால் தனக்கென்று சிறிது மரபணு வைத்திருக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற அணு உறுப்பும் அவளுடையது. மரபணுவில்கூட முழு ஒப்புமை கிடையாது. செயலுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், பிறக்கிற ஆளுக்கு வைக்காதீர்கள்.

2009இல் நீக்கப்பட்ட 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தைப் பாருங்கள். குளோனிங் என்ற சொல் பெயரில் இருந்தது, குற்றத்தை வரையறுக்கும் பிரிவில் இல்லை. கருவுறுதல் அல்லாத வழியில் உருவாக்கிய மனிதக் கருவை ஒரு பெண்ணின் உடலில் வைப்பது குற்றம், பத்தாண்டு வரை சிறை என்றது. அவ்வளவுதான்.

சிகிச்சைக்கான குளோனிங் என்பது பிரச்சாரச் சொல். 2004, 2005இல் தென் கொரியாவிலிருந்து வந்த அறிவிப்புகள் பொய்யென்று அம்பலமாயின. மனிதக் கருவிலிருந்து இந்த வழியில் குருத்தணுக்களை, அதாவது பலவகை உடலணுக்களாக மாறக்கூடிய அணுக்களை, எடுத்துக் காட்டவே 2013 ஆயிற்று. ஆய்வுக்கான உட்கரு மாற்றம் என்று செய்முறையைச் சொல்லுங்கள், போதும்.

மருதன்:
போதாது. இரண்டிலும் முதல் வேலை ஒன்றுதான். கருவைக் கருப்பையில் வைத்தால் குழந்தை, வைக்காமல் அணுக்களைப் பிரித்தெடுத்தால் கரு அழியும். எதிர்ப்பவர்கள் பேசுவதே அந்த அழிவைப் பற்றி. அதை மறைக்கிற பெயர் மட்டும் பிரச்சாரம் இல்லையா?

கயல்விழி:
இதற்கிடையில் இன்னொரு முடிச்சு. 2005 மார்ச் 8 அன்று ஐ.நா. பொதுப்பேரவை மனித குளோனிங் பற்றி ஓர் அறிவிப்பை நிறைவேற்றியது. ஆதரவு 84, எதிர்ப்பு 34, நடுநிலை 37. எல்லா வகையையும் தடைசெய்யுமாறு நாடுகளைக் கேட்கிறது. ஆனால் காரணம் சொல்கிற இணைப்புச் சொல்லை 'மனித மாண்புக்கு ஒவ்வாதவை என்பதால்' என்றும் படிக்கலாம், 'ஒவ்வாத அளவுக்கு' என்றும் படிக்கலாம். முதலாவது முழுத்தடை. இரண்டாவதில் ஆய்வுக்குச் சந்து இருக்கிறது. நான் எதைப் போட?

அறவாழி:
இரண்டையும் போடாதீர்கள். பெயரெச்சம் போடுங்கள்: 'மனித மாண்புக்கு ஒவ்வாத மனிதப் படியாக்க வகைகள் அனைத்தையும்'. செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு. அது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்றால் வேறு ஞாயிறு இல்லை. அது இனமில்லா அடை. இங்கே 'ஒவ்வாத' எது என்பதை அவரவர் அரசு முடிவு செய்துகொள்ளட்டும்.

தமிழ்ச்செல்வி:
அழகு ஐயா. ஆனால் இனச்சுட்டு இல்லாத அடை வழக்குக்கு உரியதல்ல, செய்யுளுக்கு உரியது என்று கிளவியாக்கம் என்ற இயலில் உங்கள் தொல்காப்பியரே சொல்கிறாரே. ஐ.நா. அறிவிப்பு செய்யுள் இல்லை. உரைநடையில் 'ஒவ்வாத வகை' என்றால் ஒவ்வும் வகை ஒன்று உண்டென்று ஆகிறது. எதிர்த்து வாக்களித்த 34 நாடுகளின் பக்கம் சாய்த்துவிட்டீர்கள்.

அறவாழி:
நன்னூலார் இரு வழக்கிலும் வரலாம் என்று விட்டுவிட்டாரே!

மருதன்:
அரசதந்திரிகள் எழுதியதைச் செய்யுளில் சேர்த்தாலும் தப்பில்லை.

கயல்விழி:
வெள்ளி காலை. அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் 'குளோனிங் எனும் படியாக்கம்', பிறகு எல்லா இடத்திலும் படியாக்கம். குழந்தைப்பேற்றுப் படியாக்கம், ஆய்வுப் படியாக்கம். 'ஆய்வு' மருதனுக்குப் பிடிக்காது என்று தெரியும், ஒரு வரியில் கருவின் அழிவையும் சொல்லியிருக்கிறேன். ஐ.நா. வாக்கியத்துக்குப் பெயரெச்சம். போத்து அடிக்குறிப்பில் இருக்கிறது ஐயா.

அறவாழி:
அடிக்குறிப்பிலா. சரி.

தமிழ்ச்செல்வி:
கயல், நீ அனுப்பிய கோப்பை இப்போதுதான் பார்த்தேன். 34ஆம் பக்கம், மூன்றாம் பத்தி: 'படியாகப் பிறக்கும் குழந்தையின் உரிமைகள்'. இன்னும் திருத்த நேரம் இருக்கிறதா?