புதுப்பிப்பு: பென்டியம் எம்எம்எக்ஸ் 233, திரையும் வந்தது, வேகமும் சரியானது

உதவிய எல்லாருக்கும் நன்றி. ஈத்தாமொழியில் அப்பாவின் தேங்காய் வியாபாரக் கணக்கு இருக்கும் பழைய கணினிக்கு (பிராசசர் பென்டியம் எம்எம்எக்ஸ் 233) சாக்கெட் 7 மதர்போர்டு, அதாவது அந்தக் காலப் பென்டியம் பிராசசர்கள் பொருந்தும் போர்டு, மாற்றினேன், திரையே வரவில்லை என்று கேட்டிருந்தேன்.

காரணம் பிராசசர் இல்லை. சீமாஸை (போர்டின் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) அழிக்கும் ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு மூடி) 2-3 பின்களில், அதாவது அழிக்கும் நிலையில், இருந்தது. "முதலில் அதைப் பாருங்க" என்று சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. 1-2க்கு மாற்றியதும் திரை வந்தது. பிராசசரின் உள்பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்தை, அதாவது கோர் வோல்டேஜை, அமைக்கும் ஜம்பரையும் 3.3-இலிருந்து 2.8 வோல்ட்டுக்கு மாற்றினேன். எம்எம்எக்ஸுக்கு அதுதான். மின்சாரம் கொடுக்கும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

அப்புறம் நான் எதிர்பாராத ஒன்று. பஸ் (போர்டின் அடிப்படை வேகம்) 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி (பிராசசர் வேகம் அதைப்போல் எத்தனை மடங்கு என்பது) 3 வைத்தால் வேகம் 200 என்றே காட்டியது. 233-க்கு 3.5 வேண்டும், கையேட்டிலோ 3-க்கு மேல் இல்லை. நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்டபோதும் போர்டு தாங்காது என்றார்கள். உண்மையில் பெருக்கி ஜம்பரை 1.5-இல் வைக்க வேண்டும். இந்தப் பிராசசர் அதை 3.5 என்று எடுத்துக்கொள்கிறது. வைத்தேன், 233 வந்தது.

கணக்கு முழுதும் அப்படியே திறந்தது. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.