26 வயசுல 31 லட்சத்துக்கு ஆர்எஸ் 245 வாங்கலாமா? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

சரவணம்பட்டி26:
ஸ்கோடாவோட வேகமான கார் ஆக்டேவியா ஆர்எஸ் 245 பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்லீங்க. 2020-ல நாடு முழுக்க 200 வண்டிதான் வந்துச்சு. அதுல ஒண்ணு விலைக்கு வருது, 31 லட்சம் கேக்கறார். கைல 6 இருக்கு. மீதி 25-க்கு 11 சதவீத வட்டியில அஞ்சு வருசக் கடன் போட்டா மாசம் 54 ஆயிரம். சம்பளம் கைக்கு வர்றது 1 லட்சத்து 20 ஆயிரம்.

ஓட்டிப் பார்க்கப் போனப்ப அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். சத்தி ரோட்டுல கொஞ்சம் காலியாக் கிடைச்சதும் அழுத்தினேன். முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. சிரிச்சுட்டே கண்ணாடில பார்த்தா, அப்பா பின் சீட்டுல மேல் கைப்பிடிய ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு உக்காந்திருக்கார். ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறப்பதான் கேட்டார்: "வீட்டு லோன் முடிஞ்சு எத்தன மாசமாச்சு கண்ணு?"

நாலு மாசம். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரலீங்க.

வேளச்சேரிக்காரன்:
நானும் 25 வயசுல வாங்கினவன் ப்ரோ. என்ன வண்டிங்கறத விடுங்க, அடிபாகத்துக்கும் தரைக்கும் ஒரு சாண்கூட கிடையாது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவுல தண்ணி ஏற ஆரம்பிச்சதுமே வண்டிய எடுத்துட்டு மேம்பாலத்துக்கு ஓடினேன். எங்க ஏரியாக்காரங்களுக்குத் தெரியும், அன்னைக்குப் பாலம் பூரா கார்தான். இடம் போயிடுமோன்னு ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளயே உக்காந்துட்டேன். போன்ல டவரும் போயிடுச்சு.

காலைல இடுப்பளவு தண்ணில நடந்து வீட்டுக்குப் போனா, அம்மாவும் அப்பாவும் கட்டில் மேல ஸ்டூல் போட்டு, பாட்டிய அதுல உக்கார வச்சுப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. என்னப் பார்த்ததும் அம்மா கேட்டது: "வண்டிக்கு ஒண்ணும் ஆகலயேப்பா?"

கோவத்துல கேட்டிருந்தா தாங்கியிருப்பேன். அக்கறையாத்தான் கேட்டாங்க.

கொங்கு டர்போ:
வேளச்சேரி தம்பி, உங்க வருத்தம் புரியுது. ஆனா பழைய மாருதி இருந்திருந்தாலும் அதையும் பாலத்துக்குத்தான் ஓட்டியிருப்பீங்க. வண்டி மேல பழி போடாதீங்க.

என் கதை சின்னது. செட்டிபாளையம் காரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல டிராக் டே, அதாவது நம்ம வண்டிய அங்க வேகமா ஓட்டிப் பார்க்கற நாள். அஞ்சாவது சுத்துல பிரேக் மிதிச்சேன், பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. மண்ணுல இறங்கித்தான் நின்னுச்சு, அடி ஒண்ணுமில்ல. காலுக்குக் கீழ எதுவுமே இல்லாத அந்த அரை செகண்டு இன்னும் கனவுல வருது.

சரவணம்பட்டி தம்பி, நீங்க கேக்காட்டியும் சொல்றேன். முதல்ல டயரப் பாருங்க. ஓரத்துல டாட் நம்பர்ல கடைசி நாலு எண் 1820-ன்னு இருந்தா 2020-ம் வருசம் 18-வது வாரம் செஞ்சது. பழசா இருந்தா மாத்தற செலவ விலையில கழிங்க. டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் மாத்தின பில்லக் கேளுங்க, வாய் வார்த்தைய நம்பாதீங்க. ஸ்கேனர் போடத் தெரிஞ்ச மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போய் ரீமேப் (எஞ்சின் சாஃப்ட்வேர மாத்தி பவர ஏத்தறது) பண்ணியிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், அதனால கொதிநிலை இறங்கிடும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தியே ஆகணும், நான் மாத்தாம விட்டவன். இன்சூரன்ஸ்ல எஞ்சின் பாதுகாப்பத் தனியாச் சேர்த்துப் போடுங்க, இல்லேன்னா தண்ணி புகுந்து எஞ்சின் பூட்டிக்கிட்டா ஒரு பைசா வராது. முக்கியமா நம்பர் பிளேட்டப் பாருங்க. வெளி மாநிலம்னா அங்க என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்க மறுபதிவு பண்ணி, வரியும் இங்க கட்டணும். 2023 நவம்பர்ல இருந்து நம்மூர்ல 20 லட்சத்துக்கு மேல போற புதுக் காருக்கு 20 சதவீதம். பழசுக்கு வயசுக்கேத்த மாதிரி குறையும், ஆனாலும் லட்சக்கணக்குதான்.

வேகம் வேணும்னா காரிக்கு வாங்க. டிராக்ல அடிபட்டா இன்சூரன்ஸ் தராது, அந்தச் செலவு நம்முது. ஆனா டிராக்ல பழகினவன் ரோட்டுல நிதானமாயிடுவான்.

திருவான்மியூர் அக்கா:
டர்போ அண்ணா, அந்தக் கடைசி வரிய என்னால ஒத்துக்கவே முடியாது. எங்க அண்ணன் இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ரெண்டு வருசம் ஓட்டினவன்.

ஈசிஆர், ராத்திரி, கோவளம் தாண்டி. நான் முன் சீட்டுல. மீட்டர்ல 160. அப்படின்னா ஒரு செகண்டுக்கு 44 மீட்டர். ஹெட்லைட் எரியாத ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், பின்னாடி மீன் பொட்டி, குறுக்க வந்துடுச்சு. அண்ணன் மிதிச்சான். நல்ல பிரேக், நல்ல டயர், நின்னுச்சு. அவருக்கும் எங்களுக்கும் நடுவுல ரெண்டடிதான். அந்தப் பெரியவர் ஒரு கால ரோட்டுல ஊனி, கைய நெஞ்சுல வச்சுட்டு எங்களையே பார்த்தார். திட்டல. "பார்த்தியா, எப்படி நிக்குது வண்டி!"ன்னான் அண்ணன்.

மகாபலிபுரத்துல இறங்கிட்டேன். பஸ் ஸ்டாண்டுல விடியற வரைக்கும் உக்காந்திருந்து பஸ்லதான் வந்தேன். அந்த வண்டியில இன்னைக்கு வரைக்கும் ஏறல.

பாலியோ பைத்தியம்:
எல்லாரும் பயமுறுத்தறீங்க. எனக்கு இப்ப 47. 24 வயசுல ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ் காருக்கு முன்பணம் கட்டி ரசீதும் வாங்கிட்டேன். மாமா வந்து பேசி ரத்து பண்ண வச்சு, அந்தப் பணத்துல இடம் வாங்க வச்சார். விலை ஏறியிருக்கு, இல்லேன்னு சொல்லல.

போன மாசம் அக்கா பையன் அவன் வண்டிச் சாவியக் கொடுத்து "ஓட்டுங்க மாமா"ன்னான். ரெண்டாவது கியர்ல முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்துல போறப்பவே என் கால் தானா எடுத்துடுச்சு. மூணு தடவ முயற்சி பண்ணேன். மூணு தடவையும் எடுத்துடுச்சு. 24-ல எடுத்திருக்காதுங்க.

சரவணம்பட்டி26:
டர்போ அண்ணா, பார்த்துட்டேன். ரெண்டு டயர் 2020, ரெண்டு 2023. நம்பர் கேரளா. வரி எவ்வளவு வரும்னு நாளைக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல கேக்கப் போறேன்.

எல்லாத்தையும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். மீன் பொட்டிக்காரர் வந்த இடத்துல நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவ ஓட்டிப் பார்க்கலாம், இந்தத் தடவ நான் முன் சீட்டுல உக்காந்துக்கறேன்னு சொல்லியிருக்கார்.