அடிக்கடி சளி பிடிக்கிற பையனுக்கு வீட்டுச் சமையல்ல என்ன மாத்தலாம்?

திருப்பூர்_பிரியா:

வணக்கங்க. பையனுக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருச்சு, யூகேஜி போறான். ஜூன்ல ஸ்கூல் திறந்ததுல இருந்து சளி, காய்ச்சல், மறுபடி சளின்னு மாறி மாறி வருதுங்க. ரெண்டு வாரம் தெம்பா இருப்பான். அப்புறம் பக்கத்துல உக்கார்ற பையன் தும்மினா இவனுக்கும் வந்துருது. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. நெஞ்சுல ஒண்ணும் இல்ல, எடை மட்டும் கொஞ்சம் கம்மி, வீட்டுச் சாப்பாட்டை நல்லாக் குடுங்கன்னு சொன்னாரு. என்ன குடுக்கறதுன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.

எங்க வீட்டு நெலமையைச் சொல்லிடறேன். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி வேலைங்க. நான் அக்கவுண்ட்ஸ், அவர் கட்டிங். காலைல எட்டரைக்கு ரெண்டு பேரும் கிளம்பணும். காலைல இட்லி இல்லைன்னா தோசை, பையன் சர்க்கரை தொட்டுக்குவான். மதியத்துக்கு டப்பால எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ. ராத்திரி ரசம் சாதம். கறி ஞாயித்துக்கெழமை மட்டும். முட்டையை ஆம்லெட்டாப் போட்டா சாப்பிடுவான். கீரை நாக்குல பட்டாலே துப்பிடறான். அவங்கப்பா கூட உக்காந்து காலைல டீ குடிச்சுப் பழகிட்டான், அதை நிறுத்தவே முடியலைங்க.

மாமியார் தெனமும் நிலவேம்புக் கசாயம் குடுக்கச் சொல்றாங்க. ஆபீஸ்ல ஒரு அக்கா எதிர்ப்பு சக்திப் பவுடர்னு ஒரு டப்பாவைக் காட்டினாங்க. அதோட விலைக்கு எங்க வீட்டுல ஒரு வாரத்துக்குக் காய்கறியே வாங்கிரலாம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு முருங்கை மரம் தழைஞ்சு நிக்குது, பறிக்க ஆளில்லாம எலை கொட்டிட்டு இருக்கு. காலைல இருக்கற நேரத்துக்குள்ள முடியற மாதிரி, காசும் அதிகம் ஆகாத மாதிரி சொல்லுங்க. பையன் வாயில எறங்கணும், அது ரொம்ப முக்கியம்.

மதுரை_நர்ஸ்:

பிரியா, முதல்ல பயத்தை விடுங்க. பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துல 6 முதல் 8 தடவை சளி பிடிக்கிறது சாதாரணம். கூட்டத்துல புதுப்புதுக் கிருமியைப் பாத்துத்தான் அவங்க உடம்பு பழகுது. ஒரே வாரத்துல எதிர்ப்பு சக்தியை ஏத்திவிடுற சாப்பாடுன்னு உலகத்துல எதுவும் கிடையாது, பவுடரும் கிடையாது. ஆனா புரதம், இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, சி, டி இதுல ஏதாவது குறைஞ்சா வந்த சளி லேசுல போகாது. நீங்க எழுதின சாப்பாட்டைப் படிச்சா சோறும் மாவும் நிறைய இருக்கு, பருப்பு, காய், பழம் ரொம்பக் கம்மி. திருத்த வேண்டியது அங்கதான்.

டீயை நிறுத்துறதைத் தள்ளிப் போடாதீங்க. தேயிலையில இருக்குற துவர்ப்பு சாப்பாட்டுல உள்ள இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு டீயே தேவையில்ல. பெரியவங்களும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னப் பின்ன தள்ளிக் குடிக்கிறது நல்லது.

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்த காய்ச்சல் மருந்து. மருந்தை மருந்தா மட்டும் குடுக்கணும். சித்த மருத்துவர் பிள்ளையைப் பாத்து அளவு சொன்னா, அவர் சொன்ன நாள் வரைக்கும் குடுங்க. தினசரிப் பழக்கமா ஆக்க வேண்டாம். அத்தைக்கு வருத்தம் வராம, அவங்க கையாலேயே மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைக்கச் சொல்லுங்க. அதுல பருப்புத் தண்ணி மட்டும் ஊத்தாம, பருப்பையும் கரைச்சு விடச் சொல்லுங்க.

அப்புறம், ஒரு தடவை ரத்தத்துல ஹீமோகுளோபின் பாத்துடுங்க. இந்த வயசுல 11.5க்குக் கீழ இருந்தா ரத்தசோகை, அப்ப சாப்பாட்டோட மருந்தும் வேணும். பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் குடற்புழு மாத்திரை குடுப்பாங்க, அதை விட்டுடாதீங்க. வயித்துல புழு இருந்தா நீங்க ஊட்டுறதெல்லாம் வீண். எடை ஏறவே இல்ல, மூச்சு வாங்குது, காய்ச்சல் மூணு நாளைத் தாண்டுது, காதுல சீழ் திரும்பத் திரும்ப வருதுன்னா அது அடுப்படி விஷயம் இல்ல, உடனே டாக்டர்கிட்ட போகணும்.

கோவில்பட்டி_ஆச்சி:

தாயி, நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்சு ஓய்வு வாங்கினவ. 1982ல எம்.ஜி.ஆர் இந்தத் திட்டத்தை ஆரம்பிச்சப்ப எங்க அம்மா அந்தக் கூடத்துல வேலைக்குச் சேந்தா. அவளுக்குப் பெறவு நான் கரண்டி பிடிச்சேன். நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் அடிக்கா. சத்துக் கணக்கை நர்ஸம்மா சொல்லிட்டாக. சாப்பிடாத பிள்ளையைச் சாப்பிட வைக்கிறது எப்படின்னு நான் சொல்லுதேன். என் வேலையே அதுதான்.

உன் பையன் கீரையைத் துப்புதான்னா ருசி பிடிக்காம இல்ல. காம்பும் நாரும் தொண்டையில சிக்குது, அதான். முருங்கைக்கீரையைச் சாம்பார்ல அப்படியே போட்டா எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சுட்டுப் போயிருக்கும். அதே கீரையைக் காம்பில்லாம உருவி, குழைய வெந்த துவரம்பருப்புல போட்டு, மத்தால கடைஞ்சு ஊத்தினா இன்னொரு கரண்டி கேக்கும். கீரையைப் பருப்போடயே குக்கர்ல வைக்காத. பருப்பு வெந்து இறக்குறதுக்கு அஞ்சு நிமிசத்துக்கு முன்னால போடு. கறுக்காது, கசக்காது. அடுப்பை அணைச்ச பெறவு எலுமிச்சம்பழம் பிழி. கொதிக்கயில பிழிஞ்சா அதுல உள்ள சி சத்து பாதி போயிரும். கீரையில உள்ள இரும்பு பிள்ளை உடம்புல சேரணும்னா அந்தப் புளிப்புச் சத்து கூட இருக்கணும். ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ ஊத்து. கீரையில உள்ள ஏ சத்துக்கு எண்ணெய் வேணும்.

இதையே ஒரே பானையில முடிக்கணும்னா எங்க பக்கத்துக் கூட்டாஞ்சோறு இருக்கு. ஒரு ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்கு துவரம்பருப்பு. பருப்பு அரை வேக்காடு வந்ததும் அரிசியைப் போடு. பெறவு கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கேரட், அவரை, உன் வீட்டுல எது இருக்கோ அது. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகாய் வத்தலை அரைச்சு ஊத்து. பிள்ளைக்குன்னா வத்தலைக் குறைச்சுக்கோ. கொஞ்சமா புளிக்கரைசல். எல்லாம் வெந்து சேந்து வரையில ரெண்டு கை முருங்கைக்கீரையைப் போட்டுக் கிளறி இறக்கு. கடுகும் கறிவேப்பிலையும் தாளிச்சுக் கொட்டிரு. அதுல கீரை தனியா நிக்காது, ஒதுக்கவும் முடியாது. சோறு, பருப்பு, காய், கீரை அம்புட்டும் ஒரே கரண்டியில வாய்க்குப் போயிரும். பரங்கிக்காய் கிடைச்சா ஒரு துண்டு போடு. இனிப்பா இருக்கும், பிள்ளை விரும்பித் தின்னும், கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது.

அடுத்தது உளுந்தஞ்சோறு. இதை நான் அழுத்திச் சொல்லுதேன், ஏன்னா எடை ஏறாத பிள்ளைக்கு இதுக்கு ஈடா நான் எதையும் பாக்கல. தொலியோட இருக்குற கருப்பு உளுந்தை உடைச்சது அரை ஆழாக்கு எடுத்து வாசனை வர வறு. ஒரு ஆழாக்கு அரிசி, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு கை தேங்காய்ப் பூ, உப்பு. அரிசிக்கு வைக்கிற தண்ணியை விட ஒரு ஆழாக்கு கூட ஊத்தி குக்கர்ல வை. நாலு விசில் போதும். சூடா இருக்கயில நல்லெண்ணெய் ஊத்தி, எள்ளுத் துவையலோட குடு. எள்ளை வெறும் சட்டியில வெடிக்க வறுத்து, தேங்காய், ரெண்டு வத்தல், துளி புளி, உப்பு வச்சுக் கெட்டியா அரைச்சா துவையல் ஆச்சு. நர்ஸம்மா சொன்ன துத்தநாகம் எள்ளுல இருக்கு, உளுந்துலயும் இருக்கு. வயசுக்கு வந்த பிள்ளைக்கும் பிரசவிச்சவளுக்கும் எங்க ஊர்ல உளுந்தைத்தான் குடுப்போம். உன் பையனுக்கும் அதுதான். வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி ரசம் சாதத்துக்குப் பதிலா இதைப் போடு. ராத்திரி உனக்கு அவசரம் இருக்காதுல்லா.

முட்டையை விடாத. 2010ல இருந்து பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு அஞ்சு முட்டை போட்டோம். அதுக்குப் பெறவு வகுப்புல பிள்ளைக முகத்துல வந்த தெளிச்சியை நான் கண்ணால பாத்தேன். ஒரு முட்டையில ஆறு கிராம் புரதம் இருக்கு. ஆம்லெட் தின்னுதான்ல, நல்லது. அந்த ஆம்லெட்லயே பொடிசா நறுக்கின முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், மிளகு போட்டு ஊத்து. முதல் நாள் ஒரு சிட்டிகை கீரை போதும். அவன் ஒண்ணும் சொல்லலைன்னா மறுநாள் ரெண்டு சிட்டிகை. மஞ்சக்கருவை ஒதுக்க மட்டும் விடாத. உங்க ஊர்ல மத்தி மீன் கிடைச்சா ஞாயித்துக்கிழமை கறிக்குப் பதிலா மாசத்துல ரெண்டு தடவை அதை வாங்கு, விலையும் கம்மி. முள்ளைப் பாத்து எடுத்துட்டு ஊட்டணும்.

டீயை நிறுத்துறதுக்கு ஒரு வழி சொல்லுதேன். அதே நேரத்துல, அதே டம்ளர்ல, கேப்பைக் கஞ்சியைக் குடு. கேப்பையை ஒரு ராத்திரி ஊறப் போட்டு, வடிச்சு, துணியில கட்டித் தொங்க விட்டா மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ முளை விடும். நிழல்ல உலர்த்தி, லேசா வறுத்து மில்லுல குடுத்துத் திரிச்சுக்கோ. முளைகட்டினா அதுல உள்ள சத்து உடம்புல சுளுவாச் சேரும். 100 கிராம் கேப்பையில 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து இருக்குன்னு பயிற்சிக்குப் போனப்ப சொல்லிக் குடுத்தாக. ரெண்டு ஸ்பூன் மாவைப் பச்சைத்தண்ணியில கட்டியில்லாமக் கரைச்சு, காய்ச்சி, பாலும் கொஞ்சம் கருப்பட்டியும் சேத்துக் குடு. உன் வீட்டுக்காரரையும் அதையே குடிக்கச் சொல்லு தாயி. அப்பன் டீ குடிச்சா பிள்ளை கஞ்சி குடிக்காது. தோசைக்குச் சர்க்கரை வைக்கிறதையும் நிறுத்திரு. நிலக்கடலைச் சட்னி அரை, காரமில்லாம.

சைவச்சமையல்_சென்னை:

ஆச்சி, உளுந்தஞ்சோறு இன்னிக்கே செய்யப் போறேன். எங்க வீட்டுல முட்டை, மீன் கிடையாது. என் பொண்ணுக்கு ஆறு வயசு. அந்தப் புரதத்துக்கு என்ன பண்றது? பன்னீர் தினமும் வாங்கக் கட்டுப்படியாகலை.

கோவில்பட்டி_ஆச்சி:

அம்மா, பள்ளிக்கூடத்துல முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் குடுப்போம். அது வயித்துக்கு நல்லது, ஆனா முட்டைக்கு ஈடாகாது. செவ்வாய்க்கிழமை ஆளுக்கு 20 கிராம் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ போடுவோம் பாரு, அதை நீ வீட்டுல தினமும் செய்யி. பாசிப்பயறை முளைகட்டி, லேசா ஆவியில அவிச்சு, தேங்காயும் மாங்காயும் போட்டுச் சுண்டல். மறுநாள் கொண்டைக்கடலை. இன்னொரு நாள் நிலக்கடலையை அவிச்சுக் குடு. அரிசியும் பருப்பும் சேந்து உள்ள போனா ஒண்ணுல குறையுறது இன்னொண்ணுல கிடைச்சிரும். அதனாலதான் இட்லி, பொங்கல், அடை எல்லாம் அப்படி அமைஞ்சிருக்கு. பன்னீருக்கு அலைய வேண்டாம், மதியம் ஒரு கிண்ணம் தயிர் போதும்.

மதுரை_நர்ஸ்:

பழத்தைப் பத்தி நான் ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஆப்பிளுக்கும் கிவிக்கும் செலவு பண்ணாதீங்க. 100 கிராம் கொய்யாவுல 200 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி இருக்கு. ஆரஞ்சுல அதுல நாலுல ஒரு பங்குதான். கொய்யாவையோ பப்பாளியையோ மதியச் சாப்பாட்டோட சேர்த்துக் குடுத்தீங்கன்னா பருப்புல, கீரையில உள்ள இரும்பும் கூடச் சேரும். சளி பிடிச்சிருக்கும்போது பழம் குடுக்கக் கூடாதுன்னு பயப்படுறாங்க. குளிர்சாதனப் பெட்டியில இருந்து எடுத்த உடனே குடுக்காம, சாதாரணச் சூட்டுல இருந்தா தாராளமாக் குடுக்கலாம். காய்ச்சல் நேரத்துல பிள்ளை சாப்பிட மறுத்தா அதட்ட வேண்டாம். கஞ்சி, இளநீர், பருப்பு ரசம்னு கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. காய்ச்சல் விட்டதும் பசி எடுக்கும், அந்த வாரம் ஒரு வேளை கூடுதலாக் குடுத்தா இறங்கின எடை திரும்பிடும்.

திருப்பூர்_பிரியா:

ஆச்சி, நேத்து ராத்திரி உளுந்தஞ்சோறு செஞ்சேனுங்க. எள்ளுத் துவையலை உருண்டை புடிச்சுக் குடுத்தேன், தின்னுட்டான். பூண்டை மட்டும் எடுத்து அவங்கப்பா தட்டுல போட்டுட்டான். மாமியாருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு, அவங்க அம்மா வீட்டுல உளுந்தங்களி செய்வாங்களாம். கசாயப் பேச்சையே எடுக்கலை. வர்ற சனிக்கெழமை ரத்தம் டெஸ்ட் குடுக்கறோம்.

ஒரு சந்தேகங்க. கூட்டாஞ்சோறை காலைல டப்பால கட்டிக் குடுத்தா மதியம் வரைக்கும் தாங்குமா? தேங்காய் அரைச்சு ஊத்தறோமே, திருப்பூர் வெயிலுக்குப் பயமா இருக்கு.

கோவில்பட்டி_ஆச்சி:

பூண்டை இனிமே மசிச்சுப் போடு, கைக்கு அகப்படாது.

டப்பாவுக்குக் கூட்டாஞ்சோறு வேண்டாம் தாயி, நீ பயப்படுறது சரிதான். அது ராத்திரிக்கும் லீவு நாளைக்கும் இருக்கட்டும். டப்பாவுக்கு முருங்கைக்கீரைப் பொடி செஞ்சு வச்சுக்கோ. உன் மரத்துக் கீரையைக் கழுவி உதறி, வீட்டுக்குள்ள துணியில விரிச்சு நிழல்லயே காய வை. வெயில்ல போட்டா பச்சை போயிரும், சத்தும் குறையும். கையில நொறுங்குற பதம் வந்ததும் எடுத்து வை. உளுந்தம்பருப்பு, கடலைப்பருப்பு, எள், மிளகு, சீரகம், ரெண்டு வத்தல், கொஞ்சம் பெருங்காயம், இதையெல்லாம் தனித்தனியா வறுத்து ஆற விட்டு, கடைசியா கீரையைப் போட்டு உப்போட திரி. காலைல சூடான சோத்துல ஒரு ஸ்பூன் பொடி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிசைஞ்சு, ஆவி அடங்கின பெறவு டப்பாவை மூடு. நீ வழக்கமாக் கட்டுற எலுமிச்சைச் சோத்துலயும் அரை ஸ்பூன் தூவலாம், வேர்க்கடலையை ஒரு கை கூடப் போட்டு. பொடியில பூண்டு சேத்தா ஒரு வாரத்துக்குள்ள தீத்துரு. சேக்காட்டி ஈரக் கை படாம மூடி வச்சா ஒரு மாசம் வரைக்கும் இருக்கும்.