.45-70 தோட்டாவுக்குப் பால் அட்டையில் தக்கை வெட்டலாமா?

பித்தளை_மூக்கன்:
1873 ஸ்பிரிங்ஃபீல்டு டிராப்டோர் துப்பாக்கி. கரிமருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து), .458 அங்குல ஈயக் குண்டு. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் வட்டத் தக்கைகளைப் பால் அட்டைப்பெட்டியில் நானே வெட்டுகிறேன். ஓரம் பிசிறடிக்கிறது, பாதி தக்கைகள் தோட்டா உறைக்குள் லொடலொடவென்று கிடக்கின்றன. சுட்டபின் குழலில் ஈயம் ஒட்டுகிறது. என்ன கோளாறு?

சாணைக்கல்:
லொடலொடப்புதான் கோளாறு. தக்கை இருப்பதே சூடான வாயு குண்டின் அடியைத் தொடாமல் மறிக்க. ஓரத்தில் சந்து இருந்தால் வாயு அது வழியே பாய்ந்து ஈயத்தை அரிக்கும். அரிபட்டது குழலில் படியும். சுட்ட உறையின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். பொதுவாக .460 அங்குலப் பஞ்ச் (வட்டமாக வெட்டும் குழாய் உளி) சரியாக வரும். தக்கையைக் குச்சியால் லேசாகத் தள்ளித்தான் இறக்க வேண்டும், தானாக விழக்கூடாது.

பிசிறுக்குக் காரணம் பஞ்ச். சாய்வு வெளிப்பக்கம் மட்டும் இருக்கணும். உள்பக்கம் தீட்டிவிட்டால் தக்கையின் ஓரமும் சாய்ந்துதான் வரும். அடியில் இரும்பு வைக்காதீர்கள். கெட்டி மரத்தின் குறுக்கு வெட்டு முகத்தில் வைத்து அடியுங்கள். சுத்தியலைவிட ஆர்பர் பிரஸ் (நெம்புகோலால் நேராக அழுத்தும் கருவி) நல்லது, பஞ்ச் சாயாது.

கரிமருந்துக்காரன்:
பால் அட்டை அரை மில்லிமீட்டர்தான், தனியாகப் போட்டால் மடங்கும். ரப்பர் கலக்காத நார் கேஸ்கெட் ஷீட் .030 அல்லது .060 அங்குலத்தில் வாங்கி வெட்டுங்கள். பால் அட்டையை வீசவேண்டாம்: தக்கைக்கு மேல் கிரீஸ் வில்லை (வட்டமான கொழுப்புத் துண்டு) வைத்தால், கிரீஸுக்கும் குண்டுக்கும் நடுவே அது ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் வில்லை குண்டின் அடியில் ஒட்டிக்கொண்டே பறக்கும், குறி சிதறும்.

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம். மருந்துக்கும் தக்கைக்கும், தக்கைக்கும் குண்டுக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கவே கூடாது, குழல் வீங்கிவிடும். உறைக்குள் மருந்தை அழுத்துவது கம்ப்ரெஷன் டை என்ற அச்சின் வேலை. குண்டை வைத்து அழுத்தினால் மெத்தென்ற ஈயம் நசுங்கும்.

பித்தளை_மூக்கன்:
அட்டைக்குப் பதில் ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித்துணி) போடலாமா?

சாணைக்கல்:
சுத்தக் கம்பளி என்றால் போடலாம். கைவினைக் கடை ஃபெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர், உருகிக் குழலில் ஒட்டும். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: முடி கருகும் வாடையடித்துச் சாம்பலானால் கம்பளி, உருண்டையாக உருகினால் பாலியெஸ்டர். ஊறவைக்க 1 பங்கு ஆட்டுக் கொழுப்பு, 1 பங்கு பாரஃபின், அரைப் பங்கு தேன்மெழுகு. நேரடித் தீயில் வேண்டாம், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். எண்ணெய் ஊறிய ஃபெல்ட் மருந்தைத் தொட்டால் மருந்து நமத்துவிடும், அடியில் ஒரு அட்டைத் தக்கை கட்டாயம்.