பீட்டில்ஸ்: உடனிருந்தவர் சொன்னால் நம்பிவிடலாமா?

ஊசிமுனை
ஜெஃப் எமெரிக் 2006இல் வெளியிட்ட நினைவு நூலைப் படித்து முடித்தேன். 1966 ஏப்ரலில், இருபது வயதில், லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் ஆங்கில ராக் குழுவான பீட்டில்ஸின் தலைமை ஒலிப்பதிவாளராக உட்காரவைக்கப்பட்டவர். எடுத்த எடுப்பிலேயே 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டு. மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோலத் தன் குரல் ஒலிக்க வேண்டும் என்றாராம் பாடகர் ஜான் லெனன். எமெரிக் ஹாமண்ட் ஆர்கனுக்கான லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டிக்குள் அந்தக் குரலைச் செலுத்தி, சுழன்று வெளியே வந்ததை மைக்கில் பிடித்தார். டிரம்ஸ் கலைஞர் ரிங்கோவின் பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். நான்கு கழுத்து வைத்துப் பின்னிய ஸ்வெட்டர் அது! மைக்கையும் நிறுவன விதி அனுமதித்ததைவிட நெருக்கமாகக் கொண்டுபோனார்.

வெளியே நின்று எழுதிய விமர்சகர்கள் அத்தனை பேரையும் ஒரு தட்டில் வையுங்கள். அந்த அறையில் இருந்த இந்த ஒருவர் எனக்குப் போதும்.

இரண்டாம் டேக்
ஸ்வெட்டரை நம்புகிறேன். குழுவின் கிடார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனை நம்பவில்லை, அதாவது அந்த நூலில் வருகிற ஜார்ஜை. பக்கத்துக்குப் பக்கம் அவர் தடுமாறுகிறார், முகம் சுளிக்கிறார், சிடுசிடுக்கிறார். சக உறுப்பினர் பால் மெக்கார்ட்னியோ தொட்டதெல்லாம் துலங்கும் மனிதர். குழு பிரிந்த பிறகு எமெரிக் பாலின் இசைத்தட்டுகளில் பணியாற்றினார், 'பேண்ட் ஆன் த ரன்' ஒலிப்பதிவுக்கு கிராமி விருதும் வாங்கினார் என்பதை ஓரமாக நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள், ஊசிமுனை.

இந்த நூலுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசியவர் யார் தெரியுமா? அதே ஸ்டுடியோவில், அதே நாற்காலியில் உட்கார்ந்த கென் ஸ்காட். எழுதத் தொடங்குமுன் எமெரிக் பழைய சகாக்களைத் தொடர்புகொண்டு சம்பவங்களைக் கேட்டு வாங்கினார், அவருக்கே அதிகம் நினைவில்லை என்பது ஸ்காட்டின் குற்றச்சாட்டு.

ஊசிமுனை
பழைய சகாக்களிடம் கேட்டுச் சரிபார்ப்பது குற்றமா? நாற்பது ஆண்டு கழித்து எழுதுகிறவர் கேட்காமல் எழுதியிருந்தால் அதையும் குறை சொல்லியிருப்பீர்கள்.

ஜார்ஜ் விஷயத்துக்கே வருகிறேன். 'டாக்ஸ்மேன்' ஜார்ஜ் எழுதிய பாட்டு. அதில் வரும் கிடார் தனிவாசிப்பு பாலுடையது. எமெரிக் இட்டுக்கட்டியதா அது?

இரண்டாம் டேக்
பால் வாசித்தார் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஜார்ஜே பின்னாளில் ஒரு பேட்டியில், பால் வாசித்ததில் தனக்கு மகிழ்ச்சி, தனக்காக அதில் கொஞ்சம் இந்தியச் சாயலும் சேர்த்தார் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார். எமெரிக் சொல்லும்போது மட்டும் ஜார்ஜ் மணிக்கணக்கில் திணறுகிறார், வேறு வழியில்லாமல் பால் கிடாரை வாங்குகிறார். நடந்தது ஒன்றுதான். நாடாவில் பதிவாகாத அந்த இடைவெளியை எமெரிக்கின் மனம் நிரப்பியிருக்கிறது.

நீலாம்பரி
இருவரும் 1968ஐத் தொடாமல் போகிறீர்களே. 'வெள்ளை ஆல்பம்' என்று அழைக்கப்படும் இசைத்தட்டின் பதிவு நடந்துகொண்டிருக்கிறது. ஜூலை நடுவில் எமெரிக், இந்தச் சண்டைக்கு நடுவே இனி முடியாது என்று எழுந்து போய்விடுகிறார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் கென் ஸ்காட். அந்த மாதங்கள் உற்சாகமாக இருந்தன என்கிறார் ஸ்காட். நரகமாக இருந்தன என்கிறார் எமெரிக். ஒரே கட்டடம், ஒரே நான்கு பேர்.

ஸ்காட்டை முழுதாக நம்பினால், ஆகஸ்டில் ரிங்கோ ஏன் குழுவை விட்டுப் போனார் என்று அவர்தான் விளக்க வேண்டும். இரண்டு வாரம் போல வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது டிரம்ஸ் முழுக்கப் பூ அலங்காரம். உற்சாகமான வீட்டில் அப்படி வரவேற்க வேண்டிய தேவை வராது.

மயிலை வானொலி
பிள்ளைகளே, தாளைப் பாருங்கள். ஸ்டுடியோவில் தேதி, டேக் (ஒரு பாட்டைப் பதிய எடுத்த ஒவ்வொரு முயற்சி) எண் எல்லாம் எழுதிவைத்தார்கள். பீட்டில்ஸ் வரலாற்றாசிரியர் மார்க் லூயிசன் அந்தத் தாள்களையும் நாடாக்களையும் வைத்து 1988இல் எழுதிய நூல் வந்தபோதே பாதிக் கதைகள் உதிர்ந்துவிட்டன.

இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினைவிட உள்ளே இருந்தவர் உண்டா? 1962 ஜூன் 6 அன்று நடந்ததைத் தேர்வு என்றுதான் அவர் காலமெல்லாம் சொல்லிவந்தார். பையன்கள் வந்தார்கள், பாடினார்கள், பேச்சும் கேலியும் பிடித்துப்போயிற்று, எடுத்துக்கொண்டேன் என்பது அவர் கதை. ஒப்பந்தத் தாள்கள் அதற்கு முந்தைய மாதமே தயாராகிவிட்டன என்று லூயிசன் 2013இல் ஆவணத்தோடு காட்டினார். மேலிடத்தின் நெருக்குதலால்தான் மார்ட்டின் அவர்களை ஏற்க வேண்டிவந்தது என்பது லூயிசனின் முடிவு. மார்ட்டின் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், நல்ல கதைசொல்லியும்கூட. திரும்பத் திரும்பச் சொன்ன கதை அவருக்கே நினைவாகிவிட்டது.

ஊசிமுனை
ஐயா, அந்த 1988 நூலிலேயே ஸ்டுடியோ ஊழியர்களின் பேட்டிகள் பக்கம் பக்கமாக வருகின்றன, எமெரிக்குடையதும் சேர்த்து. தாள் மட்டுமே பேசியிருந்தால் லூயிசனுக்கு அது ரயில்வே கால அட்டவணையாகத்தான் வந்திருக்கும்.

'எலினார் ரிக்பி'க்கு எட்டுப் பேர் வந்தார்கள்: நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ. தேதி 1966 ஏப்ரல் 28. தாள் அதோடு நிறுத்திக்கொள்ளும். எமெரிக்தான் மேலே சொல்கிறார்: மைக்கைத் தந்திகளுக்கு வெகு அருகே வைத்தார், தங்கள் வில்லின் ஒவ்வொரு பிசிறும் கேட்டுவிடுமே என்று அஞ்சிய கலைஞர்கள், ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்தினார்கள். அந்தப் பாட்டின் தந்திகள் ஏன் அப்படிக் குத்துகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தத் தாளில் இருக்கிறது?

இரண்டாம் டேக்
இது எனக்கான சாட்சியம், ஊசிமுனை! நாற்காலி நகர்ந்ததோ இல்லையோ, மைக் நெருக்கமாக இருந்ததை இன்றைக்கும் காதால் சரிபார்க்கலாம். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பாட்டில் வெவ்வேறு வேகமும் சுருதியும் கொண்ட இரண்டு பதிவுகளை, வேகத்தை மாற்றி ஒட்டினார்கள் என்பதும் அப்படியே. ஒரு நிமிடம் ஓடியதும் காதைத் தீட்டிக்கொண்டால் ஒட்டு கேட்கும். கைவேலையைப் பற்றி எமெரிக் சொல்வதெல்லாம் எனக்குச் சம்மதம். யார் யாரை எப்படி முறைத்தார் என்று அவர் தொடங்கும் இடத்தில்தான் நான் இறங்கிக்கொள்கிறேன்.

நீலாம்பரி
முறைப்புக்கும் பதிவு இருக்கிறது. 1969 ஜனவரியில் பீட்டில்ஸின் ஒத்திகையையும் பதிவையும் எடுத்த சுமார் 60 மணி நேரப் படச்சுருளிலிருந்து திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2021இல் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படத்தைக் கொடுத்தார். அந்த மாதத்தைத் துயரமான காலம் என்றே பீட்டில்ஸ் பிற்பாடு சொல்லிவந்தார்கள். படத்தைப் பார்த்தால் பாதி நேரம் சிரிப்பு, கோமாளிக் குரல்கள். சம்பந்தப்பட்டவர்களின் நினைவே இந்த லட்சணம் என்றால், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எமெரிக்கை மட்டும் குறை சொல்வானேன்?

ஊசிமுனை
60 மணி நேரத்தில் எட்டைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு மனிதர்தான், நீலாம்பரி. ஜனவரி 10 அன்று ஜார்ஜ் குழுவை விட்டு வெளியேறியதும் அதே மாதத்தில்தான்.

நீலாம்பரி
அதையும் படம் மறைக்கவில்லை. ஜார்ஜ் போன பிறகு ஜானும் பாலும் உணவறையில் தனியாகப் பேசுகிறார்கள். அன்று படமெடுத்த இயக்குநர் பூந்தொட்டிக்குள் மைக்கை ஒளித்துவைத்திருக்கிறார். (கேவலமான வேலை. ஆனாலும் நான் கேட்டேன்.) ஜார்ஜின் மனதில் சீழ்பிடித்த புண் இருக்கிறது, நாம் அதை இன்னும் ஆழமாக்கினோம், கட்டுப்போடக்கூட இல்லை என்று ஜான் சொல்கிறார். எமெரிக் வரைந்த சிடுசிடுப்பான ஜார்ஜுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் வேண்டுமா? ஜார்ஜ் சிடுசிடுத்திருக்கலாம். ஏன் என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது.

மயிலை வானொலி
எமெரிக் சொன்ன பிஸ்கட் சமாசாரம் என்ன ஆயிற்று?

ஊசிமுனை
'அபே ரோடு' இசைத்தட்டுப் பதிவின்போது நடந்தது, ஐயா. ஜார்ஜ் தனக்கென்று வைத்திருந்த டைஜெஸ்டிவ் பிஸ்கட்டில் ஒன்றை ஜானின் மனைவி யோகோ எடுத்துவிட, ஜார்ஜ் கத்தினார் என்கிறார் எமெரிக். கார் விபத்தில் காயம்பட்ட யோகோவுக்காக ஸ்டுடியோவுக்குள் கட்டிலே கொண்டுவந்து போட்டிருந்த நாட்கள்.

இரண்டாம் டேக்
கட்டிலைப் பலர் பார்த்திருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். பிஸ்கட்டுக்கு ஒரே சாட்சி.

அன்றன்றே எழுதியவர் ஒருவர் இருந்தார்: மால் எவன்ஸ். குழுவின் உதவியாளராக மூட்டை தூக்கியவர், 'மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹாம்மர்' பாட்டின் ஒத்திகையில் பட்டடையை அடித்தவர், நாட்குறிப்பு வைத்திருந்தவர். தன் நினைவு நூல் அச்சேறுமுன் 1976 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் போலீஸ் சுட்டு இறந்துபோனார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு எழுதிய வாழ்க்கை வரலாறு 2023இல் வந்திருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள், ஊசிமுனை. ஜார்ஜுக்காக வழக்காட நான் இங்கேதான் இருப்பேன்.