முதலை மாறவே இல்லையாம்! சார்கோசூக்கஸ் 12 மீட்டரா, 9 மீட்டரா?

நீர்க்காகம்:
பக்கத்து இழையில் கல்லணைக்காரன் எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். "முதலை 20 கோடி வருடமாக மாறவே இல்லை, சார்கோசூக்கஸ் 12 மீட்டர் இருந்தது, இன்றைக்கு 6 மீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று டைனோசர் காலத்து ராட்சத முதலை வகையான சார்கோசூக்கஸை வைத்து எழுதியிருக்கிறார், அதற்குக் கைதட்டல் வேறு. மடகாஸ்கரில் எலும்பாகக் கிடைத்த சிமோசூக்கஸும் பழைய முதலை வகைதான், அது ஒரு மீட்டர்கூடக் கிடையாது, சப்பை மூஞ்சி, இலைதழை தின்ன வாகான பல். ஜுராசிக் காலக் கடலில் திரிந்த மெட்ரியோரிங்கஸ் கூட்டத்துக்கு முதுகுக் கவசமே இல்லை, கால்கள் துடுப்பாகிவிட்டன, வால் நுனி கீழ்நோக்கி வளைந்து அதுவும் துடுப்பு. தென் அமெரிக்காவில் செபிகஸ் வகையறா தரையில் நடந்தே வேட்டையாடியது. இதெல்லாம் மாறாததா? அப்புறம் அந்த 12 மீட்டரும் தப்பு. 2019இல் தலையின் அகலத்தை வைத்துப் போட்ட கணக்கில் 9, 9.5 மீட்டர்தான் வருகிறது.

கல்லணைக்காரன்:
12 மீட்டர் நான் கனவில் கண்டதில்லை ஐயா. 2001இல் புதைபடிவ ஆய்வாளர் பால் செரீனோவின் குழு சயன்ஸ் இதழில் போட்டது. 11 முதல் 12 மீட்டர், 8 டன். நைஜர் நாட்டு டெனெரே பாலைவனத்தில் வெயிலில் கிடந்து தோண்டி எடுத்தவர்கள் அவர்கள். மண்டையோடு மட்டுமே 1.6 மீட்டர் நீளம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இரண்டரை மீட்டரை வெட்டி எறிவது சுலபம்.

மண்புழு:
இருவருக்கும் ஒரு கேள்வி. முதலை என்று எதுவரை சேர்க்கிறீர்கள்? இன்று உயிரோடு இருக்கும் 27, 28 இனங்களும் அவற்றின் பொது மூதாதைக்கு வாரிசான மற்றவையும் மட்டும் என்றால் சிமோசூக்கஸ் வெளியே, மெட்ரியோரிங்கஸ் வெளியே, நீங்கள் அடித்துக்கொள்ளும் சார்கோசூக்கஸும் வெளியே. அழிந்துபோன பழைய உறவுகளையும் சேர்த்த பெரிய கூட்டத்தைச் சொன்னால் எல்லாம் உள்ளே. அதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நீர்க்காகம்:
கல்லணைக்காரனுக்கு: தோண்டியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, கணக்கைத்தான் சொல்கிறேன். செரீனோ எடுத்தது தலையின் நீளம். அதை உவர்நீர் முதலை, ஒல்லி மூக்குக் கரியல் முதலை இரண்டோடும் ஒப்பிட்டு உடம்பு நீளத்தைக் கணித்தார். மூக்கு நீண்டு போன இனத்தில் தலை நீளத்தை வைத்து உடம்பை அளந்தால் உடம்பு கூடுதலாகத்தான் வரும், ஏனென்றால் மூக்கின் நீளம் இனத்துக்கு இனம் தாறுமாறாக மாறுகிறது, தலையின் அகலம் அப்படி ஆடுவதில்லை. அதனால்தான் 2019இல் அகலத்தைப் பிடித்தார்கள். எடையும் 8 டன்னிலிருந்து ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிட்டது.

கல்லணைக்காரன்:
சார்கோசூக்கஸின் முதுகு எலும்புத் தட்டை அறுத்து வளர்ச்சி வளையங்களை எண்ணினார்களே, அது தெரியுமா? சுமார் 40 வளையம். அந்த விலங்கு அப்போதும் முழு வளர்ச்சியை எட்டவில்லை. 40 வருடம் வளர்ந்தும் வளர்ந்து முடியாத ஒன்றுக்கு 9 மீட்டரோடு நிறுத்து என்று நீங்கள் உத்தரவு போடுகிறீர்கள். 12 என்றால் 12தான்.

தாமிரபரணி:
தம்பி, நம் சிவாலிக் மலையில் கிடைத்த பழங்கால முதலை ராம்போசூக்கஸ் கதை மறந்து போச்சா? 15 மீட்டர், 18 மீட்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். 2001இல் மறுபடி அளந்ததும் 8 முதல் 11 மீட்டருக்கு இறங்கியது. ஒரு தாடைத் துண்டை வைத்துக்கொண்டு நீட்டிச் சொல்வது இந்தத் துறையில் வழக்கம்தான். நீர்க்காகம் சொல்வதே சரி.

கல்லணைக்காரன்:
அக்கா, நீங்கள் பேசக் கூடாது. போன வருடம் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் எடுத்த படத்தைப் போட்டு "ஆலிகேட்டர்" என்று எழுதியவர் நீங்கள்.

தாமிரபரணி:
அங்கே ஆலிகேட்டரும் இருக்கிறது, கரியலும் இருக்கிறது. நான் போட்டது ஆலிகேட்டர்.

கல்லணைக்காரன்:
குச்சி மாதிரி ஒல்லியான நீண்ட மூக்கு, நுனியில் உருண்டையாகப் புடைத்த சதை, வாய் மூடியிருக்கும்போதே இரண்டு பக்கமும் வரிசையாக வெளியே தெரியும் ஊசிப் பல். வளர்ந்த ஆண் கரியல்! எந்த ஆலிகேட்டருக்கு அக்கா மூக்கு நுனியில் அந்தப் புடைப்பு இருக்கிறது?

தாமிரபரணி:
பின்னால் படுத்திருந்ததைச் சொன்னேன். படத்தை முழுசாகப் பார்க்கத் தெரியாதவர் 12 மீட்டர் பேச வந்துவிட்டார்.

மண்புழு:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நீர்க்காகம்:
மண்புழு, அதை அப்புறம் பேசலாம். முதலில் இந்த 9 தீரட்டும். கரியல் பஞ்சாயத்துக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள், இங்கே திசை திருப்ப வேண்டாம். "மாறவே இல்லை" என்பவர் உயிரோடு இருப்பவற்றையாவது பார்க்க வேண்டாமா? நைல் முதலை ஒரே இனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எகிப்தியர் பதப்படுத்தி வைத்த முதலைகளின் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து, மேற்கு ஆப்பிரிக்க முதலை தனி இனம் என்று 2011இல் காட்டினார்கள். 2019இல் நியூகினித் தீவின் தென்பகுதி முதலையைத் தனியாகப் பிரித்தார்கள். சீனாவில் மனிதன் வெண்கலக் கத்தி செய்யத் தெரிந்த காலத்தில் ஹான்யூசூக்கஸ் என்ற முதலை வாழ்ந்திருக்கிறது, அதன் எலும்பில் வெட்டுக் காயம் இருக்கிறது, இன்றைக்கு அது இல்லை. மனிதன் கண்ணெதிரே அழிந்த ஒரு வம்சத்தைப் பற்றித் துளிகூடக் கவலையில்லாமல், எல்லாம் ஒரே முதலை, பெரிசு சின்னசுதான் வித்தியாசம் என்று எழுதினால் எனக்குக் கோபம் வராதா? கரியலும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அது பெரும்பாலும் வட இந்தியாவின் சம்பல் ஆற்றில்தான் மிஞ்சியிருக்கிறது.

கல்லணைக்காரன்:
இவ்வளவு நீளமாக எழுதியும் 40 வளையத்துக்குப் பதில் இல்லை.

நீர்க்காகம்:
வளையம் வயதைச் சொல்லும், மீட்டரைச் சொல்லாது. எத்தனை தடவை சொல்வது?

கல்லணைக்காரன்:
திமிங்கலச் சுறா இழையிலும் இப்படித்தான், எதைச் சொன்னாலும் குறைத்துக்கொண்டே வந்தீர்கள். பெரிதாக எதுவுமே இருக்கக் கூடாது உங்களுக்கு. சரி, சார்கோசூக்கஸை விடுங்கள். அமேசான் பக்கத்துப் பழங்கால முதலை புருசாரஸ் 12.5 மீட்டர், 2015 ஆய்வு. அதையும் வெட்டுவீர்களா?

நீர்க்காகம்:
அதுவும் தலை நீளத்தை வைத்துப் போட்ட கணக்குதான், பிற்பாடு அதுவும் இறங்கியிருக்கிறது. அது ஆலிகேட்டருக்கு உறவான கெய்மன் வகை, சார்கோசூக்கஸுக்கு நேர் உறவே கிடையாது. 9, அதிகம் போனால் 9.5. அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் புருசாரஸுக்குப் போங்கள்.

கல்லணைக்காரன்:
12.